இனி தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாரா? கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

"இனி எங்களால செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லாப் பாத்துக்கங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிடுகிறார்கள். நல்லாப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன, யாரிடம் போய் எந்தக் காகிதம் வாங்குவது, ஃபாதருக்கு எப்போது சொல்வது, ராத்திரி 2 மணிக்கு வலியில் கத்தினால் என்ன கொடுப்பது, இதையெல்லாம் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. புற்றுநோய் முற்றிய என் அம்மாவை வீட்டில் வைத்துப் பார்த்தபோது இதையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். அரசு அலுவலகம் பற்றி நான் சொல்வது தமிழ்நாட்டுக்கு. கோயில் சம்பந்தப்பட்டது எந்த ஊர்க் கத்தோலிக்கருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் இரண்டு விஷயங்களைக் கடைசி நாள் வரை தள்ளிப் போடுகிறோம்: ஒன்று ஃபாதரைக் கூப்பிடுவது, இன்னொன்று வலி மருந்து கேட்பது. இரண்டையும் செய்துவிட்டால் நாமே கைவிட்டுவிட்டோம் என்று ஆகிவிடுமாம். கடவுள்மேல் எதிர்நோக்கு இருக்கிற வீட்டில் இந்த இரண்டும்தான் முதலில் நடக்க வேண்டும் என்பது என் கட்சி. குணமாக வேண்டும் என்று ஜெபிப்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை, அதுபாட்டுக்கு நடக்கட்டும்.

1. டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்க வேண்டியது

அவசரத்தில் எல்லோரும் பில்லைக் கட்டிவிட்டு ஆம்புலன்ஸ் பிடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். கொஞ்சம் நில்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்டிலேயே உட்கார்ந்து படியுங்கள். "மருத்துவ ஆலோசனைக்கு மாறாக உறவினர்கள் அழைத்துச் சென்றனர்" என்கிற மாதிரி ஒரு வரி பல இடங்களில் தானாக விழுந்துவிடும். டாக்டரே போகச் சொன்ன பிறகும் அப்படி எழுதுவார்கள். அந்த ஒரு வரியால் பின்னால் வேறு டாக்டர் வலி மருந்து எழுதத் தயங்குவார், இறப்புக்குச் சான்று தரவும் யோசிப்பார். நோய் இன்னது, எந்த நிலையில் இருக்கிறது, இனி வீட்டில் ஆதரவுச் சிகிச்சை போதும், இந்த இந்த மருந்து இந்த அளவில், என்று தெளிவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

அதோடு பயாப்சி ரிப்போர்ட், கடைசி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். நோயாளியின் ஆதார் நகலும் உங்கள் ஆதார் நகலும் நாலைந்து எடுத்து அதிலேயே செருகிவிடுங்கள். அந்த ஃபைல் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், தெருவில் அல்லது பக்கத்தில் உள்ள ஒரு எம்பிபிஎஸ் டாக்டரைப் போய்ப் பாருங்கள். ஃபைலைக் காட்டி, "வீட்டில் வைத்துப் பார்க்கிறோம், தேவைப்பட்டால் வந்து பார்ப்பீர்களா, கடைசியில் சான்றிதழ் தருவீர்களா" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் ஒருமுறை வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கச் செய்யுங்கள். உயிரோடு இருந்தபோது பார்த்து மருந்து கொடுத்த டாக்டருக்குச் சான்று எழுதுவது சுலபம். முன்பின் பார்க்காதவரை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டால் அவர் மறுப்பதில் தப்பே இல்லை.

2. வலி மருந்து: முதல் வாரத்திலேயே

பாரசிட்டமாலும் டிராமடாலும் கேட்காத வலி என்றால் அடுத்தது மார்ஃபின்தான். இது சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. போதைப் பொருள் சட்டத்தில் 2014இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வாங்கி வைத்துக் கொடுப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மாவட்டத் தலைமை மருத்துவமனையில், பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் பேலியேட்டிவ் கேர் (வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவுச் சிகிச்சை) பிரிவு எங்கே என்று கேளுங்கள். வேலூர் சிஎம்சியிலும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டிலும் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. எந்த ஊரில் எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்து விசாரியுங்கள். முதல் தடவை நோயாளியையும் கூட்டிப் போக வேண்டியிருக்கலாம். அதன்பின் பல இடங்களில் அங்கே தந்த நோயாளி அட்டையைக் கொண்டுபோனால் வீட்டு ஆளிடமே கொடுப்பார்கள். எத்தனை நாளுக்கு மருந்து தருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, பண்டிகை, ஞாயிறு எல்லாம் கணக்குப் போட்டு, தீருவதற்கு நாலு நாள் முன்னாலேயே அடுத்த தடவை போய்விடுங்கள்.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் பேலியேட்டிவ் நர்ஸும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். புண்ணுக்கு மருந்து கட்ட, டியூப் மாற்ற, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று சொல்லிக் கொடுக்க அவர்கள் வருவது பெரிய உதவி, அதுவும் இலவசம்.

மார்ஃபின் விஷயத்தில் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்புகள் சில. வலி வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருப்பது ஒன்று. சாதாரண மாத்திரை பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, டாக்டர் எழுதிய கடிகாரப்படி கொடுக்க வேண்டியது. இரண்டாவது, மலச்சிக்கல். இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், அதனால் முதல் நாளே பேதி மருந்தும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வயிற்று உப்புசத்துக்குப் பழி மார்ஃபின் மேல் விழுந்து, யாராவது பெரியவர் அதை நிறுத்திவிடுவார். மூன்றாவது, "பழக்கமாகிவிடும்" என்கிற பயம். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லை, அதிலும் கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு.

இன்னொன்று நம் வீடுகளில் மட்டும் கேட்பது. "ஆண்டவரே சிலுவையில் அவ்வளவு பாடுபட்டார், நீயும் ஒப்புக்கொடு" என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லிவிட்டுப் போவார். ஒப்புக்கொடுப்பது நோயாளியின் விருப்பம், அவர் சார்பில் நாம் வலியை ஒப்புக்கொடுக்க முடியாது. திருச்சபை இதில் மிகத் தெளிவு. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2279ஐ எடுத்துப் பாருங்கள். சாவை விரும்பிக் கொடுக்காதவரை, ஆயுள் கொஞ்சம் குறையக்கூடும் என்றாலும் வலியைத் தணிக்க மருந்து கொடுக்கலாம் என்கிறது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதரே 1957இல் மருத்துவர்களிடம் இதைச் சொல்லிவிட்டார். யாராவது வாதம் பண்ணினால் இந்த எண்ணைச் சொல்லுங்கள், பேச்சு அத்தோடு நிற்கும்.

3. ஃபாதருக்கு எப்போது சொல்வது

நோய் கடுமையானது என்று தெரிந்த உடனே. நினைவு நன்றாக இருக்கும்போதே.

நோயில்பூசுதல் (ஃபாதர் எண்ணெய் பூசி நோயாளிக்காக ஜெபிக்கும் அருட்சாதனம்) சாகிற நிமிடத்துக்கானது இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமே அதைச் சொல்லிவிட்டது, ஆனாலும் நம் பாட்டிமார் அதைக் கடைசிப் பூசுதல் என்று சொல்லியே வளர்த்துவிட்டதால் ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு வாசலில் வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், முதுமையில் தளர்ந்தவரும் பெறலாம். பெற்றுத் தேறி மறுபடி நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். அதே நோயிலேயே நிலைமை மோசமானாலும் திரும்பப் பெறலாம். ஒரே தடவைதான் என்று நினைத்துக் கடைசிக்குச் சேமித்து வைக்காதீர்கள்.

சீக்கிரம் சொல்ல வேண்டிய உண்மையான காரணம் பாவசங்கீர்த்தனம். பேச்சு நின்ற பிறகு ஃபாதர் வந்தால் பூசுவார், மன்னிப்பும் வழங்குவார், அது செல்லும். ஆனால் வருஷக்கணக்காக நெஞ்சில் கிடந்ததை வாய்விட்டுச் சொல்லி இறக்கிவைக்கும் வாய்ப்பு நோயாளிக்குப் போய்விடும். அதை வேறு யாரும் அவருக்குத் திருப்பித் தர முடியாது. நன்மை (நற்கருணை) வாங்குவதும் அப்படித்தான், விழுங்க முடிகிற நாட்களில்தான் முடியும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது: பங்குத்தந்தை ஒருவர் எண் மட்டும் போதாது. உதவிப் பங்குத்தந்தை, பக்கத்துப் பங்கு, அருகில் உள்ள துறவற இல்லம் (சலேசியர், இயேசு சபையினர், கப்புச்சின் என்று ஏதாவது ஒன்று இருக்கும்), கத்தோலிக்க ஆஸ்பத்திரியின் ஆன்மகுரு, இப்படி நாலு எண்ணாவது எழுதி சுவரில் ஒட்டுங்கள். ஏனென்றால் மறைமாவட்டக் குருக்கள் வருடாந்திரத் தியானத்துக்குக் கூட்டமாகப் போய்விடுவார்கள், புனித வாரத்தில் எண்ணெய் மந்திரிப்புத் திருப்பலிக்கு எல்லோரும் பேராலயத்தில் இருப்பார்கள், மே, ஜூனில் பல இடங்களில் மாற்றல். ஞாயிறு காலை ஃபோனே எடுக்க மாட்டார்கள், பூசையில் இருப்பார்கள். உபதேசியார் (பங்கில் ஃபாதருக்கு உதவும் பணியாளர்) எண்ணும், அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவின் பொறுப்பாளர் எண்ணும் இருந்தால் ஆள் அனுப்பியாவது சொல்லலாம்.

சிஸ்டர்களும் திருத்தொண்டரும் நோயில்பூசுதல் கொடுக்க முடியாது, குருவால் மட்டுமே முடியும். நற்கருணையை மட்டும் திருத்தொண்டரோ அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளரோ கொண்டுவரலாம். எங்கள் பக்கம் வாராவாரம் சிஸ்டர் ஒருவர் கொண்டுவந்தார், அம்மா அந்த நாளுக்காகவே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஃபோனில் என்ன சொல்வது என்று தெரியாமல் சிலர் சுற்றி வளைப்பார்கள். "ஃபாதர், அம்மாவுக்கு ரொம்ப முடியல, பேசுறாங்க, நினைவு இருக்கு, பாவசங்கீர்த்தனம் செய்யணும்னு ஆசைப்படுறாங்க" என்று சொன்னால் போதும். பேச்சு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா, எவ்வளவு அவசரம், வீட்டுக்கு வழி என்ன, இந்த நாலும் சொல்லிவிடுங்கள்.

வெட்கத்தால் சொல்லாமல் விடுவதும் உண்டு. பல வருஷம் கோயிலுக்கே போகாதவர், கோயிலில் திருமணம் ஆகாமல் சேர்ந்து வாழ்பவர், உறுதிபூசுதல் பெறாதவர் என்று எந்தச் சிக்கலானாலும் மறைக்காமல் முதல் ஃபோனிலேயே சொல்லுங்கள். மரண ஆபத்தில் சட்டம் வெகுவாக இளகும். மற்ற நாளில் ஆயரிடம் போக வேண்டிய பல காரியங்களை அந்த ஃபாதரே அங்கேயே முடித்துவைக்கலாம். உறுதிபூசுதலைக்கூட அவரே கொடுக்கலாம். ஞானஸ்நானம் பெற ஆசைப்படும் வேறு மதத்து மருமகளோ கணவரோ சாகும் தறுவாயில் இருந்தால், ஃபாதர் வர வழியே இல்லாத பட்சத்தில் நீங்களே தண்ணீர் ஊற்றிக் கொடுக்கலாம். அவர் கேட்டிருக்க வேண்டும், அது முக்கியம். கேட்காதவருக்குத் திருட்டுத்தனமாக ஊற்றாதீர்கள்.

4. ஃபாதர் வரும் நாள்

சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தம், ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன், கொஞ்சம் பஞ்சு. அவ்வளவுதான். ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும் அறையில் மெழுகுதிரி கொளுத்தாதீர்கள், ஊதுவத்தியும் கூடாது. இதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், பேட்டரி மெழுகுதிரி வாங்கி வைத்துவிட்டால் சண்டை மிச்சம்.

நெற்றியிலும் கைகளிலும் பூசுவார். கையில் ஊசி ஏற்றிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தால் முன்பே சொல்லுங்கள். பாவசங்கீர்த்தன நேரத்தில் எல்லோரும் அறையைவிட்டு வெளியே போக வேண்டும், கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நிற்கவும் கூடாது. காது மந்தமானவர் என்றால் இருவரும் சத்தமாகப் பேச வேண்டிவரும், ஹாலில் இருப்பவர்களை வாசலுக்கே கூட்டிப் போய்விடுங்கள்.

நன்மை வாங்க ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்குக் கிடையாது. கூடவே இருந்து பார்க்கும் உங்களுக்கும் கிடையாது. முழு அப்பம் விழுங்க முடியாவிட்டால் துளியளவு பிட்டு ஒரு ஸ்பூன் தண்ணீரோடு கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால் திரு இரத்தம் (திருப்பலியில் அர்ப்பணித்த திராட்சை இரசம்) மட்டும் ஒரு சொட்டு கொடுக்க வழி இருக்கிறது, அதற்கு ஃபாதர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அதனால்தான் ஃபோனிலேயே விழுங்குவதைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். வாந்தி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் கட்டணம் எதுவும் இல்லை. யாரும் கேட்கக் கூடாது, கேட்கவும் மாட்டார்கள். ஆட்டோவில் வந்திருந்தால் ஆட்டோ காசு கொடுங்கள், காணிக்கை உங்கள் விருப்பம்.

5. ஐசியுவில் இருந்தால்

எந்த ஆஸ்பத்திரியானாலும் ஃபாதரை உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாம், பெரும்பாலும் விடுவார்கள். வாசல் செக்யூரிட்டியிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் பணியில் இருக்கும் டாக்டரிடமோ நர்ஸ் பொறுப்பாளரிடமோ பேசுங்கள். "ஐந்து நிமிஷம், நெற்றியில் கொஞ்சம் எண்ணெய் தொடுவார், மெழுகுதிரி எதுவும் கொளுத்த மாட்டோம்" என்று சொன்னால் அவர்கள் தயக்கம் போய்விடும். பார்வையாளர் நேரத்தில் உங்கள் முறையை ஃபாதருக்கு விட்டுக்கொடுப்பது இன்னும் சுலபம். வென்டிலேட்டரில் நினைவில்லாமல் இருப்பவரும் பூசுதல் பெறலாம். நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்று நம்பினால் போதும்.

உயிர் போய்விட்டதோ என்று சந்தேகமாக இருக்கும் நிலையிலும் ஃபாதர் பூசலாம். இறந்தது உறுதியான பிறகு பூச மாட்டார், இறந்தவருக்கான ஜெபம் சொல்வார். அப்போது ஃபாதரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

யாரும் வந்து சேரவில்லை, அதற்குள் போய்விட்டார் என்றால்? பல குடும்பங்கள் இதை நினைத்தே வருஷக்கணக்காக வருந்துகின்றன. சாகும் வேளையில் குரு இல்லாவிட்டாலும், தக்க மனநிலையோடு இருந்து, வாழ்நாளில் ஏதாவது ஜெபம் சொல்லி வந்தவருக்குத் திருச்சபை தானே பரிபூரண பலனை (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் அருளை) வழங்குகிறது. தினமும் ஜெபமாலை சொன்ன உங்கள் அப்பத்தாவுக்கு "எங்கள் இறப்பின் வேளையிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எத்தனை ஆயிரம் தடவை முன்பதிவு ஆகியிருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

6. எதுவரை சிகிச்சை

வென்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் பாவமா? பயனில்லாத, உடம்பை வதைக்கிற, அளவு மீறிய சிகிச்சையை நிறுத்துவது பாவமில்லை. அதே மறைக்கல்வி நூலில் எண் 2278 அதைத்தான் சொல்கிறது. கருணைக் கொலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உணவும் தண்ணீரும் உடம்பு ஏற்கிறவரை கொடுக்க வேண்டிய சாதாரணப் பராமரிப்பு, உடம்பு ஏற்காத கட்டத்தில் திணிக்க வேண்டிய கடமை இல்லை. சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் ஒரு கேள்வி, ஃபாதரிடம் ஒரு கேள்வி, இரண்டையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

நோயாளிக்குத் தெளிவு இருந்தால் தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. தன் சார்பில் முடிவு சொல்ல யார் என்று பெயர்களையும் அதில் எழுத வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஒருவர் கடைசி நாளில் வந்து இறங்கி "ஏன் ஐசியுல சேக்கல" என்று கத்தும் குடும்பங்களுக்கு இந்தக் காகிதம் ரொம்ப உபயோகம்.

7. கோயில் கணக்கு, பெயர், கல்லறை

இதை உயிரோடு இருக்கும்போதே பார்ப்பது அபசகுனம் மாதிரித் தோன்றும். நோயாளி காதுக்கு எட்டாமல் வீட்டில் ஒருவர் இதைத் தனியாகக் கவனிக்கட்டும்.

பங்குக் குடும்ப அட்டை எங்கே? சந்தா பாக்கி இருக்கிறதா? பாக்கிக்காக நோயில்பூசுதலை யாரும் மறுக்க முடியாது, ஆனால் அடக்கத்தன்று கோயில் அலுவலகத்தில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்கள், அந்த நேரத்தில் அது வேண்டாம். சொந்த ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்து படுத்திருப்பவர் என்றால் சொந்தப் பங்கிலிருந்து ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். எங்கே அடக்கம் என்பதை இப்போதே அவரிடம் கேட்டுவிட்டால் நல்லது. பெரும்பாலும் அவர்களே "என்னை உங்க அப்பா பக்கத்துல வை" என்று சொல்லிவிடுவார்கள்.

குடும்பக் கல்லறையைத் திறந்து அடக்க வேண்டுமானால் அதன் ரசீது, யார் பெயரில் இருக்கிறது, கடைசியாக எப்போது அடக்கம் நடந்தது என்ற விவரம் தேவை. ஒரே குழியைத் திரும்பத் திறக்க எத்தனை வருஷ இடைவெளி என்பது இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டம் மாதிரி இடங்களில் நெருக்கடி அதிகம், கட்டாயம் முன்பே விசாரியுங்கள். தகனத்துக்கு 1963 முதல் அனுமதி உண்டு, ஆனால் சாம்பலைக் கரைக்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது, கல்லறையிலோ திருச்சபை ஒதுக்கிய புனித இடத்திலோ வைக்க வேண்டும்.

பெயர்ச் சிக்கல் நம் ஆட்களுக்கே உரியது. ஞானஸ்நான ஏட்டில் அந்தோணியம்மாள், ஆதாரில் செல்வி, பேங்க் பாஸ்புக்கில் ஏ. செல்வமேரி என்று இருக்கும். அரசு இறப்புச் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போக வேண்டும். உபதேசியார் சொல்கிற பெயரை வைத்து எழுதிவிட்டால் பென்ஷன், இன்ஷூரன்ஸ், பட்டா எல்லாம் சிக்கும். ஆதார்ப் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி ஃபைலில் வைத்துவிடுங்கள், அன்றைக்கு யார் போனாலும் அந்தத் தாளைக் கொடுக்கலாம்.

8. கடைசி நாட்கள்

சாப்பாடு குறையும், தூக்கம் கூடும், கை கால் சில்லிட்டு நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கறகறவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நமக்குத்தான் பயங்கரம், அவருக்கு அதனால் பெரும்பாலும் சிரமம் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சத்தத்தைக் குறைக்க மருந்து உண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

பால் ஊற்றாதீர்கள். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் ஊற்ற நினைப்பார்கள், அது நுரையீரலுக்குள் போய் மூச்சைத் திணற வைக்கும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும். வருகிறவர் கையில் அந்தப் பஞ்சைக் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ஏதோ செய்த திருப்தி.

பதில் பேசாவிட்டாலும் காது கேட்கக்கூடும். அதனால் தலைமாட்டில் நின்று சொத்துப் பேச்சு, சவப்பெட்டிப் பேச்சு வேண்டாம். ஜெபத்தைக்கூடப் பெரிதாகக் கூட்டம் போட்டு மைக் வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாக ஜெபமாலையில் பத்து மணிகள் மட்டும், அவருக்குப் பிடித்த ஒரு பாட்டு, காதருகே "இயேசு மரி சூசை". மரியாயின் சேனை என்கிற பங்குச் சபையினர் ஜெபிக்க வந்தால் நல்லதுதான், நோயாளி களைத்துப்போனால் ஹாலில் உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள்.

"நான் செத்துருவேனா" என்று கேட்டால் "சீ, என்ன பேச்சு இது" என்று வாயை அடைக்காதீர்கள். கேட்கிறவருக்குத் தெரிந்துதான் கேட்கிறார். "பயமா இருக்காம்மா?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அதன்பிறகு அவர் பேசுவதற்கு நிறைய இருக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள், பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, எல்லோரையும் வரவழைக்கும் நேரமும் அதுதான்.

வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தால் கடைசி மூச்சில் பதறிப்போய் 108ஐக் கூப்பிடாதீர்கள். அவர்கள் வேலை உயிரைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு ஓடுவது. வழியில் உயிர் பிரிந்தால் ஆஸ்பத்திரியில் போலீஸுக்குத் தகவல், போஸ்ட்மார்ட்டம் என்று போகவும் வாய்ப்பு உண்டு. முதலில் நீங்கள் பேசி வைத்த டாக்டரைக் கூப்பிடுங்கள்.

9. உயிர் பிரிந்த பிறகு

டாக்டர் வந்து பார்த்து இறப்பின் காரணத்தை எழுதிச் சான்று தருவார், வீட்டில் நடக்கும் இறப்புக்குப் படிவம் 4ஏ. கண் தானம் என்றால் 6 மணி நேரத்துக்குள், உடனே கண் வங்கிக்குச் சொல்லி, மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வையுங்கள். திருச்சபை இதை ஊக்குவிக்கவே செய்கிறது.

பங்குத்தந்தையிடம் பேசாமல் அடக்க நேரத்தைப் போஸ்டரில் போடாதீர்கள். பெரிய வியாழன் முதல் பாஸ்கா (ஈஸ்டர்) முடிய, திருவருகை, தவக்கால, பாஸ்கா கால ஞாயிறுகள், கடன் திருநாள்கள் (கட்டாயம் பூசை காண வேண்டிய திருநாள்கள்), இந்த நாட்களில் அடக்கத் திருப்பலி கிடையாது. திருப்பலி இல்லாமல் அடக்கச் சடங்கு நடக்கும், திருப்பலி பின்னொரு நாளில் வைத்துக்கொள்ளலாம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமத்தில் விஏஓ, நகரத்தில் நகராட்சி, மாநகராட்சி சுகாதாரப் பிரிவு. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள், ஆனால் பெயர் சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேல் அதிகாரியின் அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை அலைய வேண்டும். கோயில் மரண ஏட்டில் எழுதுவது தனி, அதை வைத்து பேங்கில் எதுவும் செய்ய முடியாது.

10. செலவு

நான் விசாரித்த அளவில் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். காற்று மெத்தை 2,500 முதல் 5,000 ரூபாய், படுக்கைப் புண்ணைத் தவிர்க்க இதை முதல் வாரமே வாங்குங்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் மாத வாடகை 2,000 முதல் 4,000. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் மாதம் 5,000க்கு மேல், டாக்டர் தேவை என்று சொன்னால் மட்டும் எடுங்கள். வீட்டோடு வந்து பார்க்கும் ஆளுக்கு 12 மணி நேரத்துக்கு 700 முதல் 1,000, சென்னையில் அதற்கும் மேல். பணம் இறுக்கமாக இருந்தால் வெட்கப்படாமல் பங்கில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையிடம் கேளுங்கள். கட்டிலும் சக்கர நாற்காலியும் பல பங்குகளில் இரவல் கிடைக்கும். வீட்டில் பார்க்கவே முடியாத நிலை என்றால், புற்றுநோயாளிகளை இலவசமாக வைத்துப் பார்க்கும் சென்னை மணலி மாத்தூர் ஜீவோதயா போன்ற இல்லங்கள் இருக்கின்றன.

அடக்கச் செலவில் பெரியது பெட்டியும் ஃப்ரீசர் பாக்ஸும் வண்டியும் பந்தலும்தான், கோயிலுக்குப் போவது அதில் சிறு பங்கு. குழி வெட்டுபவர் கூலியை முன்பே பேசிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலைக் கொண்டுவர இலவச ஊர்தி உண்டு, எண் 155377.

எல்லாம் முடிந்து ஏழாம் நாள் பூசைக்குச் சொல்லிவிட்டு வரும்போது, வீட்டில் மிஞ்சிய மார்ஃபின் மாத்திரையை எண்ணி, நோயாளி அட்டையோடு சேர்த்து, வாங்கின ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அடுத்த தெருவில் இன்னொருவர் வலியில் துடிக்கிறார் என்று தெரிந்தாலும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அந்தப் பிரிவின் வழியையும் ஃபோன் எண்ணையும் கொடுங்கள், முடிந்தால் முதல் தடவை கூடவே போங்கள்.